வந்துகொண்டே இருந்த பெட்டி

எங்கள் கிடங்கில் நின்று தும்மினால் எதிர்ச்சுவர் இன்னொரு தும்மலைத் திருப்பித் தரும். அவ்வளவு காலி. வெளியாள் யாராவது பார்த்தால், கம்பெனி திவாலாகிவிட்டது போலிருக்கிறது, பாவம் என்று உச்சுக்கொட்டுவார். எங்களுக்கோ அதுதான் பெருமை. உலகம் முழுக்க லிஃப்ட் செய்து மாட்டுகிற கம்பெனி. நாட்டுக்கு நாடு கிடங்கு. எந்தக் கிடங்கு அதிகம் காலியாக இருக்கிறதோ அதுதான் நல்ல பிள்ளை. எங்கள் ஊர்க் கிடங்கைக் காலியாக வைத்திருப்பது என் வேலை. அதற்கு இருப்புத் திட்டம் என்று பெயர். இருப்பே இல்லாமல் பார்த்துக்கொள்வதற்கு இப்படிப் பெயர் வைத்தவர் கையில் கிடைத்தால் நன்றாக நாலு வார்த்தை கேட்பேன்.

முன்பெல்லாம் ஒவ்வொரு நாட்டிலும் எல்லாச் சாமானையும் வாங்கி அடுக்கி வைத்திருந்தார்களாம். இப்போது கம்பிவடம் ஒரு நாட்டில், கதவு ஒரு நாட்டில், மோட்டார் ஒரு நாட்டில், அதை ஆட்டிவைக்கிற எலக்ட்ரானிக் போர்டு வேறெங்கோ. எதுவும் எங்கும் தங்கக் கூடாது. தங்கினால் தலைமை அலுவலகத்துக்குத் தூக்கம் வராது. அதனால் எங்கள் சரக்கில் பாதி எப்போதும் கடலில்தான். என் மேஜைத் திரையில் நீலமாக ஒரு கடல். அதில் புள்ளி புள்ளியாகக் கப்பல்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் பார்த்தால் அவை நகர்கின்றனவா நிற்கின்றனவா என்றே தெரியாது. பார்த்துக்கொண்டே இருந்தால் நாற்காலி லேசாக ஆடும். பக்கத்து மேஜைக்காரரின் இருமல் எங்கோ பனிக்குள் ஊதுகிற கப்பல் சங்காகக் கேட்கும். சம்பளம் கொடுத்துக் கனவு காணச் சொல்கிற ஒரே கம்பெனி உன்னுடையதுதான் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அவருக்கென்ன, கணக்கு வாத்தியார். அவருடைய கணக்கு எதுவும் கரும்பலகையை விட்டு எங்கும் போகாது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மாதத்தின் கடைசி நாள் தலைமை அலுவலகம் எல்லா நாட்டு அலமாரிகளையும் எண்ணும். அலமாரியில் இருக்கிற சாமான் அந்தந்தக் கிடங்கின் தலையில். கப்பலில் இருக்கிற சாமான் யார் தலையிலும் இல்லை. அதற்கு ‘வழியில்’ என்று ஒரு தலைப்பு, அத்தோடு சரி. விடுவோமா? மாதம் முடியப் போகிறது என்றால் விலைபோகாத சாமானைக் கழுத்தைப் பிடித்துக் கப்பலில் தள்ளுவோம். வருகிற சாமானை, இங்கே இறக்காதே, அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டுபோ என்போம். அடுத்த துறைமுகத்துக்காரரும் அவர் பங்குக்கு அதையே செய்வார். நான் ஒரு படி மேலே போய், மாதக் கடைசி மூன்று நாளும் எதையும் இறக்காதே என்று கம்ப்யூட்டருக்கே சொல்லி வைத்திருந்தேன். அது பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தது. நானும் அதை மறந்துவிட்டேன்.

என் அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். ஆகாயத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்துகொண்டு, வலது கைக்குள் அடங்குகிற ஒரு சின்னப் பிடியை அசைத்து, வீடு பெரிய பெட்டிகளை முட்டையை வைக்கிற மாதிரி தரையில் வைப்பான். உயரம் பழகிப்போனதால் வீடும் பதினோராவது மாடியில்தான் வாங்கினான், கடல் தெரிகிற பக்கமாக. ஓய்வுபெற்ற வருஷமே பக்கவாதம் வந்து வலது கையையும் வலது காலையும் சாய்த்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். “இந்த ஆரம்ப மாசங்கள்தான் முக்கியம். இப்போ எவ்வளவு வேலை வாங்கறீங்களோ, அவ்வளவு திரும்பும். விட்டுட்டீங்கன்னா அந்த நிலையிலயே நின்னுடும். அப்புறம் என்னை வந்து கேக்காதீங்க.”

கைக்குப் பயிற்சி கொடுக்கிற மெஷின் எல்லாம் ஆஸ்பத்திரியில்தான் இருந்தது. வாரத்தில் பாதி நாள் அங்கே போக வேண்டும். அண்ணன் வீட்டுக்கு லிஃப்டில் ஏறிப்போன அடுத்த வாரம் அந்த லிஃப்ட் நின்றுவிட்டது. எந்தக் கம்பெனி லிஃப்ட் என்று கேட்காதீர்கள்.

எங்கள் மெக்கானிக் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “போர்டு போயிடுச்சு மேடம். பழைய மாடல். இதைச் செஞ்சிட்டிருந்த ஃபேக்டரியை எப்பவோ மூடிட்டாங்க. உலகத்துல எங்கயாவது மிச்சம் இருந்தா நீங்கதான் தேடிச் சொல்லணும்.”

தேடினேன். ஒன்றே ஒன்று இருந்தது. எந்த அலமாரியிலும் இல்லை, ‘வழியில்’ என்றிருந்தது. விரலால் தொட்டேன், திரையில் ஒரு புள்ளி மின்னியது. கடலுக்கு அந்தப் பக்கம், எங்கள் துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு கப்பல். எனக்கு அப்படியே உச்சி குளிர்ந்துவிட்டது. கடைசியாக அதை ஏற்றி அனுப்பியவர் ஸ்வெட்டர்காரர். தூர தேசத்துக் கிடங்கில் என் வேலையைப் பார்க்கிறவர். எந்த மாதத்தில் திரையில் வந்தாலும் ஸ்வெட்டரோடுதான் வருவார், அதனால் அந்தப் பெயர். அவருக்கும் எனக்கும் பொதுவாக ஒரு அரைகுறை மொழி உண்டு. நான் இங்கே நம் பேச்சிலேயே சொல்லிவிடுகிறேன்.

“அட, தேசாந்திரியா?” என்று நான் விசாரித்ததும் சிரித்தார். “அந்தப் போர்டுக்கு நாங்க வச்ச பேரு அதான். எல்லார் ஊருக்கும் வரும், மாசக் கடைசியில எல்லாரும் வழியனுப்பிடுவோம். எத்தனை வருஷமா சுத்துதுன்னு யாருக்கும் தெரியாது. இப்பதான் ஏத்தி அனுப்பினேன். நடுவுல இறக்க முடியாது, மத்த பெட்டிக்கெல்லாம் அடியில கிடக்கு. ஆனா உங்க ஊருக்குத்தான் வருது.”

அன்றைக்கே படியேறிப் போய் அண்ணனிடம் சொன்னேன். “வந்துட்டே இருக்குண்ணா!”

சொல்லிவிட்டேன். சொன்னதும் அந்த வீடே லேசாகிவிட்டது. அண்ணன் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவான், எனக்கு நரை விழுந்த பிறகும். “பாப்பா கம்பெனி சும்மாவா!” என்று இடது கையால் தொடையில் தட்டினான். அண்ணி மட்டும் சேர்ந்து சிரிக்கவில்லை. அவள் ஆஸ்பத்திரி நர்ஸ். நோயாளிகள் காத்திருந்து என்ன ஆனார்கள் என்று நிறையப் பார்த்தவள்.

“பொட்டி வர்றப்போ வரட்டும். துறைமுகத்துல கூட வேலை பாத்தவங்க நாலு பேரு, நாற்காலியில வச்சுத் தூக்கிட்டுப் போறோம்னு சொல்றாங்க. கீழ யார் வீட்டுலயாவது தங்கிக்கூட ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வரலாம். நாள் போய்ட்டே இருக்குங்க,” என்றாள் அண்ணனிடம்.

“வாழ்க்கை முழுக்க நான் சரக்கு தூக்கினவன். என்னைச் சரக்காத் தூக்கறதா? லிஃப்ட் வரட்டும்,” என்றான் அவன்.

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் அவள் பக்கம் பேசியிருக்க வேண்டும். புள்ளி என் கண்ணுக்குள்ளேயே மின்னிக்கொண்டிருந்ததே! “கொஞ்ச நாள்தானே அண்ணி, இதோ கப்பல் கிளம்பி வந்துட்டிருக்கு,” என்றேன். திரையில் தெரிகிற சாமான் கையில் இருப்பதாகவே நினைத்துப் பழகிவிட்ட ஜென்மம் நான்.

அதன் பிறகு வந்த வாரங்களை இப்போது நினைத்தால் ஒரே நீண்ட மத்தியானமாகத்தான் இருக்கிறது. வேலை முடிந்து படியேறுவேன்; ஏழாவது மாடியில் என் முழங்கால் என்னோடு பேச்சை நிறுத்திவிடும். மேலே போனால் அண்ணன் ஜன்னலோரம் இருப்பான். நான் போனில் புள்ளியைக் காட்டுவேன். அவன் கடலைக் காட்டுவான். கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். கப்பல்கள் தண்ணீரில் வருகின்றனவா வானத்திலிருந்து இறங்குகின்றனவா என்று சொல்ல முடியாது. சிவப்பு வயிறு தெரிந்தால் காலிக் கப்பல் என்பான். அவனுடைய வலது கை மடியில், உள்ளங்கை மேலே பார்த்தபடி, யாரோ வைத்துவிட்டு மறந்துபோன சாமானாகக் கிடக்கும். அண்ணி வந்து உட்கார்ந்து அதன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டுவாள். நாங்கள் கப்பலைப் பார்த்துக்கொண்டிருப்போம். அவள் ஒருத்திதான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கேயே சோபாவில் ஒருநாள் கண்ணயர்ந்துவிட்டேன். கனவில் கடல் மாடிமாடியாக ஏறி வந்தது. சத்தமே இல்லை. நாலாவது மாடிக்காரரின் துணிகள் மிதந்தன, எட்டாவது மாடியின் கட்டிலும் மிதந்தது. பதினோராவது மாடி ஜன்னலுக்கு நேராகக் கப்பல் வந்து நின்றது. அண்ணன் எழுந்து போய், வலது கையை வெளியே நீட்டி, ஒரு பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தான். பெட்டிக்குள் என்ன இருந்தது என்று பார்ப்பதற்குள் அண்ணி எழுப்பிவிட்டாள். காபி ஆறுகிறது என்றாள். அன்று முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன், பைத்தியக்காரி.

கப்பல் வந்த நாள் அலுவலகத்துக்கு லீவு போட்டேன். மூன்று பேரும் ஜன்னலில். மூடுபனிக்குள்ளிருந்து முதலில் அதன் மூக்கு, பிறகு அடுக்கடுக்காகப் பெட்டிகள், ஒரு தெருவே நகர்ந்து வருகிற மாதிரி. என் போன் புள்ளியும் கப்பலும் ஒன்றாகிவிட்டன. அண்ணனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“பாரு, கிரேன் கையை இறக்கறான். புதுப் பையன் போல, கொஞ்சம் அவசரப்படறான். நிதானம்டா, நிதானம்… ஆங், அப்படி!” ஒவ்வொரு பெட்டி இறங்கும்போதும் அவன் தோள் தானாக அசைந்தது. தோள் வரைதான்.

பச்சைப் பெட்டிகள் இறங்கின, நீலம் இறங்கியது. எங்களுடையது மஞ்சள். மஞ்சளுக்கு மேலிருந்தவை எல்லாம் இறங்கிய பிறகு, நடுவில் அது பளிச்சென்று தெரிந்தது. அண்ணி கூடக் கையைக் கோத்துக்கொண்டு நின்றாள். கிரேனின் கை அதற்கு மேலே வந்தது, தாண்டிப் போனது. மறுபடி வந்தது, இன்னொரு பச்சைப் பெட்டியைக் கொண்டுவந்து அதன் தலையிலேயே வைத்தது. அண்ணன் பேச்சை நிறுத்தினான். தொழில் தெரிந்தவனுக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை.

“ஏத்த ஆரம்பிச்சுட்டான் பாப்பா. இறக்கறது முடிஞ்சுபோச்சு,” என்றான்.

துறைமுகத்தில் எங்கள் கம்பெனி சரக்கைக் கவனிக்கிற ஏஜெண்டுக்குப் போன் செய்து கத்தினேன். அவர் நிதானமாகப் பதில் சொன்னார். “எங்கமேல ஏன் மேடம் பாயறீங்க? இறக்க வேண்டாம், அடுத்த துறைமுகத்துக்குப் போகட்டும்னு உங்க ஆபீஸ்ல இருந்தேதான் வந்திருக்கு. உங்க பேருலதான் வந்திருக்கு. மாசக் கடைசி ஆச்சே, எப்பவும் வர்றதுதானே? இனிமே மாத்தவும் முடியாது, மேல பெட்டி ஏத்திட்டாங்க.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாரக்கணக்காக அந்தப் புள்ளியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவள், காலண்டரை ஒரு தரம் பார்க்கவில்லை. என் கம்ப்யூட்டர் சொன்ன சொல் தவறாமல் நான் சொல்லிக்கொடுத்ததைச் செய்திருக்கிறது. கப்பல் திரும்பியது. மூடுபனி அதன் வாலையும் விழுங்கிவிட்டது. போனில் புள்ளி மட்டும் ஒன்றும் நடக்காதது போல மின்னிக்கொண்டு எங்களை விட்டு விலகிப் போனது.

மென்று விழுங்காமல் அவர்கள் இரண்டு பேரிடமும் சொன்னேன். நான்தான், நான் செய்துவைத்த ஏற்பாடுதான் என்றேன். அண்ணி சமையலறைக்குப் போய்விட்டாள். அவள் கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“அதுல ஒண்ணும் புதுசு இல்ல,” என்றான் அண்ணன். “இறங்காமப் போற பொட்டி நான் எவ்வளவோ பாத்திருக்கேன். அதுக்கு யார் காத்துக்கிட்டிருப்பாங்கன்னுதான் நான் ஒருநாளும் யோசிச்சதில்ல.” பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான். “நீ சொன்ன நாலு பேரை வரச் சொல்லு. தூக்கட்டும்.”

மறுநாள் வந்தார்கள். கிரேனுக்குக் கீழே நின்று அண்ணனுக்குக் கைச்சாடை காட்டியே தலை நரைத்த ஒருவர். அவரைக் ‘கொடி’ என்பார்கள். இன்னும் மூன்று பேர். நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு அகலப் பட்டையால் இடுப்பைக் கட்டினார்கள். கொடி முன்னால் இறங்கி, ஒவ்வொரு திருப்பத்திலும் கையை உயர்த்தினார். மெதுவாக, இடப்பக்கம், நிறுத்து, இறக்கு. அண்ணன் பிடிவாதமெல்லாம் போய், சின்னப் பையனாகச் சிரித்தான். “என்னடா, என்னையே லோடு ஆக்கிட்டீங்க! விரிசல் விழுந்தா யார் பொறுப்பு?”

மாடிமாடியாகக் கதவுகள் திறந்தன. லிஃப்டில் போகிறவனுக்கு மற்ற மாடிகள் வெறும் எண்கள்தான். இப்போது ஒன்பதாவது மாடியில் யாரோ வயலின் பழகிக்கொண்டிருந்தார்கள். ஆறில் ஒரு அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நாலில் ஒரு பூனை எங்களோடு கொஞ்ச தூரம் இறங்கி வந்தது. படிக்கட்டு ஜன்னல்களில் வெளிச்சம் பால் போல விழுந்தது. இந்த இறக்கம் முடியாமலே இருந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. கீழே போனால் டாக்டர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அண்ணன் என் வீட்டு முன்னறையில் தங்கினான். ஆஸ்பத்திரி பக்கம்தான். என் வீட்டுக்காரர் காலையில் கூட்டிக்கொண்டு போவார், சாயங்காலம் நான் கூட்டிக்கொண்டு வருவேன். இதற்கிடையில் ஸ்வெட்டர்காரருக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் தன் மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, சுற்றி வந்த பெட்டியைத் தன் ஊரில் இறக்கினார். தேசாந்திரியை மாதக் கடைசி என்றும் பாராமல் தன் அலமாரியில் உட்காரவைத்து, அடுத்த விமானத்தில் ஏற்றினார். நானும் என் கம்ப்யூட்டரில் அந்த மாதக் கடைசி ஏற்பாட்டை எடுத்துப்போட்டேன். இருப்பு ஏன் கூடியது என்று என் மேனேஜர் கேட்டார். சாமான் வந்தது, இறக்கினேன், அதனால் இருக்கிறது என்றேன்.

கால் திரும்பியது. முதலில் இழுத்தான், பிறகு ஊன்றினான், பிறகு கோலோடு நடந்தான். கைக்கு மட்டும் டாக்டர் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். திருப்பிப் பார்த்தார், ஊசியால் தொட்டார், விரலை மடக்கச் சொன்னார்.

“கால் பெரிய தசை, தாங்கிக்கிச்சு,” என்றார். “கைக்கு ஆரம்பத்துலயே வேலை கொடுத்திருக்கணும். ரெண்டு மாசத்துக்கு மேல சும்மா விட்டிருக்கீங்க. இனிமே இவ்வளவுதான்னு நினைக்கிறேன்.”

நான் அங்கேயே அழுதுவிட்டேன். எனக்கு வெட்கமில்லை. அண்ணிதான் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள், அதுதான் இன்னும் தாங்கவில்லை.

போர்டு வந்த மறுநாள் மெக்கானிக் மாட்டிவிட்டார். ஒரு சாயங்காலம் அண்ணனை அவன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். லிஃப்ட் கதவு வழுக்கிக்கொண்டு திறந்தது. அண்ணன் யார் கையையும் பிடிக்காமல் நடந்து உள்ளே போனான். நானும் அண்ணியும் பின்னால் ஏறினோம். கதவு மூடிக்கொண்டது.

பொத்தான்கள் அவனுடைய வலது பக்கம் இருந்தன. அவன் வலது தோளை உயர்த்தினான். கை கொஞ்சம் மேலே வந்தது, மணிக்கட்டு தொங்கியது, விரல்கள் அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி உயர்த்தினான். நெற்றியில் வேர்த்தது. இடது கை கோலைப் பிடித்துக்கொண்டிருந்தது. கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு அந்தக் கையால் அமுக்கியிருக்கலாம், அவன் அப்படிச் செய்யவில்லை. அண்ணி அசையவில்லை. நானும் அசையவில்லை. லிஃப்ட் எங்களை வைத்துக்கொண்டு தரையிலேயே நின்றது. அது சரியாக இருந்தது; அதன் விளக்கு, கண்ணாடி, விசிறி எல்லாம் சரியாக இருந்தன.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் கையைக் கீழே விட்டான். என்னைத் திரும்பிப் பார்க்காமல், கோபம் கொஞ்சமும் இல்லாத குரலில் சொன்னான்.

“நீயே அமுக்கு பாப்பா.”

நான் அமுக்கினேன். லிஃப்ட் மேலே போனது.